இடம் பெயரும் முன் பெயர்

புணேயில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஒருமுறை இடம் பெயர்ந்து வந்தவைதாம். 1869-ல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை, ராணுவக் கணக்குத் துறை, தேஹு ரோடு ராணுவக் கிடங்கு, பின்னர் பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகள், அண்மைக் காலத்தில் ஹிஞ்சவடி மென்பொருள் அலுவலகங்கள் என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு வாசல் வழியாக இந்த ஊருக்குள் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் பூனாவுக்கு வர ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு மாற்றல் உத்தரவும் போதும். "கே. ராமநாதன்" என்று உத்தரவில் இருந்தால் அது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

இப்போது இரண்டாவது பெயர்ச்சியின் காலம். கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று ஏதாவது ஒரு நாட்டின் பெயர் அடிபடாத வீடு நம்மிடையே குறைவு. பல ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துப் பழகியவன் என்பதால், சங்கத்து அன்பர்கள் தங்கள் பிள்ளைகளின் காகிதங்களை என்னிடம் காட்டுவது வழக்கம். பெரும்பாலும் புறப்பட மூன்று மாதம் இருக்கும்போதுதான் கொண்டுவருவார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லியே அந்த ரெண்டு வருஷமும் போயிருக்கும். பணம், பரீட்சை, மொழிப் பயிற்சி ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவற்றுக்கு நான் வரவில்லை. காகிதத்தைப் பற்றி, அதிலும் காகிதத்தில் உள்ள பெயரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் பெயரைப் பிடித்துக்கொண்டேன் என்றால், போகிற நாட்டின் விதிகள் நம் கையில் இல்லை. பிரிட்டன் 2024 ஜனவரி முதல் பெரும்பாலான மாணவர்கள் குடும்பத்தை உடன் அழைத்து வருவதை நிறுத்தியது. மாணவர் விசாவுக்குக் கனடா வைத்திருந்த விரைவு வழி 2024 நவம்பர் 8-ல் மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆகி, அடுத்த ஜூலையில் 2,000 ஆனது. அமெரிக்காவில் 2025 செப்டம்பர் 19 அன்று வெளியான ஓர் ஆணை, புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் என்று சொல்லி ஒரே இரவில் பல வீடுகளின் தூக்கத்தைக் கெடுத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்றைய விதியைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுப்பது, அடுத்த வருஷ மழைக்கு இந்த வருஷமே குடை விரிப்பது போலத்தான். ஆனால் எந்த நாடானாலும் கேட்பது ஒன்று உண்டு: இந்தப் பிறப்புச் சான்றிதழில் உள்ளவர், இந்த மதிப்பெண் பட்டியலில் உள்ளவர், இந்தப் பாஸ்போர்ட்டில் உள்ளவர், மூவரும் ஒருவர்தானா? இதற்கு விடை இங்கேயே, நம் கையிலேயே இருக்கிறது.

புணேத் தமிழருக்கு இதில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. நம் பெயர் மூன்று முறைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. தமிழ்நாட்டு முறையில் தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர். மராட்டிய முறையில் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர்; இந்தக் கடைசியைத்தான் பள்ளிக்கூடத்து எழுத்தர் "ஆட்நாவ் காய்?" என்று கேட்பார். மூன்றாவது உலகப் பாஸ்போர்ட் முறை. அதில் இரண்டே கட்டங்கள்: குடும்பப் பெயர், இட்ட பெயர். நம் மூதாதையர் இந்த மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் நிரப்ப வேண்டிவரும் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வெளி மாநிலத்தில் வளர்ந்து வெளிநாடு சென்ற இரண்டு பெரிய தமிழர்களின் பெயர்களைப் பார்த்தாலே விஷயம் புரியும். சுப்ரமணியன் சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தார்; தந்தை சி. சுப்ரமணிய ஐயருக்கு ரயில்வே கணக்குத் தணிக்கையில் வேலை. 1930-ல் கேம்பிரிட்ஜ் சென்றார், 1983-ல் நோபல் பரிசு பெற்றார். உலகம் அவரைக் குடும்பப் பெயர் சொல்லி "சந்திரசேகர்" என்று அழைப்பதாக நினைத்தது. உண்மையில் அது அவருடைய சொந்தப் பெயர், முன்னால் நிற்பது அப்பா பெயர். இன்னொருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்து, தந்தை சி. வி. ராமகிருஷ்ணன் பேராசிரியராக இருந்த பரோடாவில் வளர்ந்து, 1971-ல் அமெரிக்கா சென்றவர், 2009-ல் நோபல். இவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் நிற்பது அப்பா பெயர், சொந்தப் பெயர் முன்னால் வந்துவிட்டது. ஆக, ஒரே மண்ணின் ஒரே மரபு. ஒருவருக்குச் சொந்தப் பெயர் பின்னால், மற்றவருக்கு முன்னால். மேதைகளுக்கு எப்படியும் நடக்கும். நம் வீட்டில் அண்ணனுக்கு ஒரு மாதிரி, தங்கைக்கு ஒரு மாதிரி என்று அமைந்துவிட்டால், கூடப் பிறந்தவர்கள் என்று நிரூபிக்கவே ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டியிருக்கும்.

கடல் கடந்த நம்மவர்கள் இதற்கு வெவ்வேறு வழி கண்டார்கள். மலேசியாவில் மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே "இன்னாரின் மகன்", "இன்னாரின் மகள்" என்று பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கத்தை எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் அதையே ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் வந்தது. அங்கே அரசாங்கமே நம் முறையைப் புரிந்துகொண்டு ஓர் இடம் கொடுத்தது என்று சொல்லலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த இடம் கிடையாது.

புணேயில் ஆட்நாவ் கட்டத்தைப் பார்த்துத் திகைத்த பெற்றோர்கள் கைக்கு வந்ததை எழுதிவைத்தார்கள். சிலர் ஊர்ப் பெயர், சிலர் தாத்தா பெயர், சிலர் தந்தை பெயரையே இரண்டு முறை. நிறையப் பேர் சாதிப் பெயரை எழுதினார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள்; அதன் பிறகு தமிழ்நாட்டில் பெருவாரியானவர்கள் அதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். அப்படி அங்கே விட்டதை, இங்கே ஒரு காலிக் கட்டத்தை நிரப்புவதற்காக எடுத்து ஒட்டிக்கொள்வது எனக்கு உவப்பில்லை. கட்டம் கேட்பது ஒரு பெயரைத்தான், சாதியை அல்ல. அதற்கு வேறு நல்ல வழி இருக்கிறது.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா கிருஷ்ணன், அப்பா ராமநாதன், பிள்ளை கார்த்திக். தமிழ்நாட்டு வழக்கப்படி அப்பாவின் பாஸ்போர்ட்டில் "ராமநாதன்" இட்ட பெயர், "கிருஷ்ணன்" குடும்பப் பெயர் என்று வரும். பிள்ளைக்கு "கார்த்திக்" இட்ட பெயர், "ராமநாதன்" குடும்பப் பெயர். இருவரும் ஒன்றாக வெளிநாட்டு விமான நிலையத்தில் நின்றால், திருவாளர் கிருஷ்ணனும் இளைஞர் ராமநாதனும் என்ன உறவு என்று அந்த அதிகாரிக்குப் புரியாது. மராட்டிய முறைப்படி எழுதினால் பிள்ளை "கார்த்திக் ராமநாதன் கிருஷ்ணன்". இட்ட பெயர் கட்டத்தில் முதல் இரண்டும், குடும்பப் பெயர்க் கட்டத்தில் கிருஷ்ணனும். இப்போது அப்பா, பிள்ளை இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். தாத்தா பெயர் குடும்பத்தில் நிலைத்துவிட்டது, சாதியும் உள்ளே வரவில்லை. பேரன் பிறந்தாலும் அதே கிருஷ்ணன். நாம் அவ்வப்போது அலுத்துக்கொள்ளும் இந்த ஆட்நாவ் கட்டம், சரியாகப் பயன்படுத்தினால், வெளிநாட்டுப் பயணத்துக்குத் தமிழ்நாட்டு முறையைவிட வசதியானது என்பதே என் அபிப்பிராயம். இதைப் பள்ளியில் சேர்க்கும் அன்றே முடிவு செய்ய வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்த பிறகு செய்தால் அது முடிவல்ல, திருத்தம்.

மகாராஷ்டிர அரசு இதில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2024 மே 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தன் பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. தாய்க்கு இடம் கிடைத்தது நல்லதே. ஆனால் நான்கு பெயர்களையும் பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இயந்திரம் படிக்கும் வரியில் அடக்க வேண்டும். அந்த வரி ஒவ்வொன்றும் 44 எழுத்து. முதல் வரியில் நாட்டுக் குறியீடு போகப் பெயருக்கு மிஞ்சுவது 39. நம் வெங்கடசுப்பிரமணியன் ஒருவரே ஆங்கிலத்தில் 18 எழுத்து சாப்பிடுவார். தாத்தாவும் பேரனும் அதே பெயராக இருந்தால், நடுவே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடம் கிடைப்பது கஷ்டம்தான். ஆகவே இன்று குழந்தைக்குப் பெயர் வைப்பவர்கள் கொஞ்சம் சுருக்கமாக வைத்தால் புண்ணியம்.

கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு எடுக்க முடியும், பலர் எடுத்தும் இருக்கிறார்கள். இனிஷியலை இனிஷியலாகவே எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு ஒற்றைப் பெயரோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் "முதற்பெயர் தெரியாது" என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக "எஃப்.என்.யு." என்று மூன்று எழுத்து விழும். அது விசாவோடு நிற்காமல், அங்கே எடுக்கும் மற்ற அட்டைகளுக்கும் தொற்றிக்கொள்ளும். ஆசையாய்ப் பெயர் வைத்த பிள்ளையை அங்கே "ஃப்னு" என்று கூப்பிடுகிறார்கள் என்றால் பாட்டிக்கு எப்படி இருக்கும்? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தபோது, டிக்கெட் வாங்கிவைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

அடுத்து எழுத்துக் கூட்டல். இது நம் ஊருக்கே உரிய தலைவலி. தமிழர் கார்த்திக், சுமதி என்று எழுதும்போது ஆங்கிலத்தில் "டி"க்குப் பக்கத்தில் "எச்" போடுவோம். மராட்டியருக்கு அந்த "எச்" வந்தால் அது வேறு எழுத்து, வேறு ஒலி. ஆகவே எழுத்தர் நல்லெண்ணத்தோடு "எச்"சை நீக்கிவிடுவார். நம் லக்ஷ்மியின் நடுவே உள்ள மூன்று எழுத்தை எடுத்துவிட்டு ஒரே "எக்ஸ்" போடுவார். பிறப்புச் சான்றிதழில் மராட்டியும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பெயர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியில் எழுத்து மாறும். "இதெல்லாம் ஒரு விஷயமா, வாசிச்சா ஒரே மாதிரிதானே இருக்கு" என்பார்கள். மனிதர் வாசித்தால் ஒரே மாதிரிதான். கணினிக்கு அவை இரண்டு ஆட்கள்.

பெண்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. திருமணமானதும் அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வரும். மராட்டிய வீடுகளில் மருமகளின் பெயரையே மாற்றும் வழக்கமும் முன்பு பரவலாக இருந்தது; அதைப் பார்த்து நம்மவர் சிலரும் செய்திருக்கிறார்கள். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், வேலை அனுபவச் சான்றிதழில் இன்னொரு பெயர், வங்கியில் மூன்றாவது. திருமணமானால் பெயர் மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கத் தனி இடம் இருக்கிறது, அதற்காகத் தன் பெயரைத் தொட வேண்டியதில்லை. வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போகும் எண்ணமுள்ள பெண்கள் படித்த பெயரையே வைத்துக்கொள்வது நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் கோபித்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆனால் திருமணத்தைப் பதிவு செய்வதில் மட்டும் மெத்தனம் கூடாது. கும்பகோணத்துச் சத்திரத்தில் கல்யாணம், மறுவாரம் புணேக்கு ரயில் என்பதுதான் நம் வழக்கம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும். அழைப்பிதழும் ஆல்பமும் துணைவர் விசாவுக்குப் போதாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்புங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வொரு காகிதத்திலும் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பெற்றோர் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து. பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இழுப்பதுதான் எளிது. ஏனென்றால் அதை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

பிறப்புச் சான்றிதழைத் தனியாகப் பாருங்கள். நம் வழக்கத்தில் பிறந்தவுடன் பெயர் வைப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பெயரில்லாமலே பதிவாகும். பிறகு பெயரைச் சேர்க்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். பதிவுக்குப் பின் 12 மாதத்துக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்க விதியில் இடம் இருக்கிறது. எந்த அலுவலகத்தில் பதிவு என்பதும் முக்கியம். புணே மாநகராட்சி வேறு, 1982-ல் மாநகராட்சியான பிம்ப்ரி-சிஞ்ச்வட் வேறு, கட்கியும் தேஹு ரோடும் கண்டோன்மென்ட் பதிவேடுகள். குடியிருந்த வீட்டை வைத்து அல்ல, பிறந்த ஆஸ்பத்திரி இருந்த எல்லையை வைத்துத் தேட வேண்டும். முன்பெல்லாம் பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்தோம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். பாஸ்போர்ட் விதியும் 2025-ல் அப்படியே திருத்தப்பட்டுவிட்டது.

திருத்தம் தேவைப்பட்டால் வழி உண்டு, நேரம்தான் பிடிக்கும். பெயர் மாற்றத்தை மகாராஷ்டிர அரசிதழில் இணையம் வழியாகவே விண்ணப்பித்து வெளியிடலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். எனவே இறுதியான எழுத்துக் கூட்டலை முடிவு செய்யாமல் அங்கே கை வைக்காதீர்கள். (நம் புணேப் பல்கலைக்கழகம் "பூனா"விலிருந்து "புணே"யாகி, 2014-ல் சாவித்ரிபாய் புலே பெயரையும் ஏற்றது. அதனிடம் யாரும் பிரமாணப் பத்திரம் கேட்கவில்லை என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.)

வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் என்னும் முத்திரை பெற வேண்டியிருக்கும். இந்த ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது; கனடா 2024 ஜனவரி 11 முதல்தான் இதில் வந்தது. உடன்படிக்கையில் இல்லாத நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் சான்றொப்பம் தேவை. வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரைக்கு முன், சான்றிதழை வழங்கிய மாநிலத்தின் ஒப்பம் வேண்டும் என்பதை நம்மவர் பலர் கடைசி வாரத்தில்தான் அறிகிறார்கள். பிறந்தது தஞ்சாவூரில், பள்ளி புணேயில், பட்டம் கோயம்புத்தூரில் என்றால் காகிதங்கள் இரண்டு மாநிலங்களுக்குப் பயணம் போய் வர வேண்டும். மூன்று மாதத்தில் இது முடிந்தால் அதிர்ஷ்டம்.

பிள்ளைகளோடு பெரியவர்களின் காகிதமும் சேர்ந்ததுதான் இந்தத் திட்டம். எழுபது வயதைக் கடந்த பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. இருந்த காகிதங்களையும் 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்து வந்த வெள்ளத்தில் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு. நாளை பிள்ளை தன்னோடு அழைத்துக்கொள்ள விரும்பினால், பதிவு இல்லை என்று உரிய அலுவலகத்தில் எழுத்தில் ஒரு சான்று வாங்கி, அதோடு பிறப்பை அறிந்த மூத்த உறவினரின் பிரமாணப் பத்திரத்தையும் இணைக்கும்படி கேட்பார்கள். அந்த மூத்த உறவினர் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும் என்பதைக் கசப்பாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

காலாவதியான பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வேற்று நாட்டுக் குடிமகனாகிவிட்ட பேரனோ கொள்ளுப்பேரனோ ஓ.சி.ஐ. அட்டை கேட்கும்போது, தன் பெற்றோர், தாத்தா பாட்டி, அல்லது கொள்ளுத்தாத்தா இந்தியக் குடிமக்கள் என்பதையும் தனக்கும் அவர்களுக்கும் உள்ள உறவையும் காகிதத்தில் காட்ட வேண்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கட்கி குவார்ட்டர்ஸ் விலாசம் எழுதிய, கிருஷ்ணன் என்ற பெயர் ஒழுங்காக எழுத்துக் கூட்டப்பட்ட அந்த மூலை வெட்டிய பாஸ்போர்ட்தான் வேண்டியிருக்கும். ஆகையால் அதை நாஃப்தலின் உருண்டையோடு பட்டுப்புடவை வைக்கும் பெட்டியிலேயே வையுங்கள். ஒரு நகலைப் போகிற பிள்ளையிடமும் இன்னொன்றைப் புணேயில் இருக்கப்போகிற உறவினர் ஒருவரிடமும் கொடுங்கள்.